சத்தம் வருகிற கைப்பிடி

“திறக்கும்போது சத்தம் வரணும். அப்படி ஏதாவது கைப்பிடி இருக்கா?”

கடைக்காரர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எல்லாரும் சத்தம் வராததுதான் கேப்பாங்க. ஜன்னலுக்குத்தானே? கார் ஹாரன் இல்லையே?”

“ஜன்னலுக்குத்தான். திறந்தா எதிர்வீட்டுக்காரனுக்குத் தூக்கிவாரிப் போடணும்.”

“நல்ல எண்ணம். அளவு கொண்டுவந்தீங்களா?”

பெரியவர் நடுவிரலை நீட்டினார். “ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இவ்வளவு.”

“விரலைக் கழற்றிக் குடுத்துட்டுப் போங்க. பொருத்திப் பார்த்துச் சொல்றேன்.”

பெரியவர் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஸ்கேலை எடுத்து விரலை அளந்தார்.

பளபளப்பாக இருந்தது, பூட்டு வைத்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கியது எல்லாவற்றையும் பெரியவர் ஒதுக்கித் தள்ளினார். கடைசியில் டப்பாவின் அடியில் கிடந்த கனத்த இரும்புக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். ‘டக்’ என்றது.

“இதைக் குடு.”

“பழசு உடைஞ்சு போச்சா?”

“நான்தான் கழற்றி எறிஞ்சேன்.”

எதிர்வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். நடுவில் ஒரு ஆள் மட்டும் போகிற சந்து. அப்பா வீட்டைப் பிரித்த அன்று, நாலு பேர் முன்னால் அண்ணனைப் பார்த்து “போடா” என்று சொல்லிவிட்டார் சின்னவர். அன்றைக்கே பெரியவர் அந்தப் பக்கத்து ஜன்னலை அடைத்து, கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டார். அவர் மனைவி எத்தனையோ கோடையை அந்த அறையில் புழுங்கியே கழித்தாள். கோபம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து காற்று வாங்கப் போகக் கூடாது.

போன மாதம் சின்னவருக்குப் பக்கவாதம். ஒரு கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. சீக்கிரம் ஒரு வார்த்தையாவது வந்தால் உண்டு, இல்லையென்றால் பேச்சு அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி கூப்பிட்டாலும், பிள்ளைகள் கூப்பிட்டாலும் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கைப்பிடியும் கையுமாக வந்தவரைப் பார்த்து மனைவிக்குக் கண் கலங்கியது.

“இப்பவாவது மனசு வந்துச்சே. தம்பிகிட்ட பேசத்தானே?”

“பேசத்தான். நிறைய இருக்கு.”

பழைய ஓட்டைகள் உளுத்துப் போயிருந்தன. திருகாணி பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது. தீக்குச்சிகளை ஒடித்து ஓட்டைக்குள் திணித்து, மறுபடி திருகினார். நடுவில் கைப்பிடி நழுவி அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. அதற்கும் தம்பியைத்தான் திட்டினார்.

ஒருவழியாகப் பொருத்தித் திருகினார். ஜன்னல் படாரென்று திறந்தது. சந்துக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சின்னவர்.

“என்னடா, துரை படுத்துட்டீங்களாக்கும்? அன்னிக்கு என்னமா துள்ளினே! இப்பச் சொல்லேன் பார்க்கலாம்! வாயைத் தைச்சு வச்சிருக்காங்களா?”

மனைவி ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

“பேச்சு வராம கிடக்கிறவரைப் போய்... நீங்களும் ஒரு அண்ணனா?”

கையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். மறுநாளும் திட்டினார். அதற்கு மறுநாளும் திட்டினார். வெட்டிப்பயலே, நன்றிகெட்டவனே, அப்பனுக்குத் தப்பிப் பிறந்தவனே என்று தினமும் காலையில் ஜன்னல் திறந்ததும் ஆரம்பித்துவிடும்.

“செத்த பாம்பை அடிக்கிறாரே இந்த மனுஷன்” என்றார் பக்கத்துத் தையல்காரர். தெருவில் அவரோடு பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் ஜன்னல் திறக்கவில்லை. பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சின்னவர் மனைவி வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. பெரியவர் மனைவி பதறிப்போனாள்.

“மன்னிச்சிடும்மா. இவருக்காக நான் வேணா உன் கால்ல விழறேன்...”

“ஐயோ, நான் சண்டைக்கு வரலைக்கா. மாமா ஏன் இன்னிக்கு ஜன்னலைத் திறக்கலை?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“நாங்க கொஞ்சினா, அழுதா, எதுக்கும் அவர் அசையறதில்லைக்கா. மாமா திட்டினாதான் கோபம் வருது. கோபம் வந்தா வாய் குவியுது. நேத்து ‘போ’ வரைக்கும் வந்துட்டார்! டாக்டர்கூட விடாம திட்டச் சொல்லுங்கன்னார். மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னும் கேவலமா திட்டுங்க!”

“அதுக்குத்தாம்மா கைப்பிடியே வாங்கினேன்” என்றார் பெரியவர். “அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா? சின்னதுலேர்ந்தே ரோஷம் வந்தாதான் வாய் திறப்பான்.”

“அப்புறம் ஏன் மாமா நிறுத்திட்டீங்க?”

“நேத்து அந்த ‘போ’வைக் கேட்டேன். எத்தனை வருஷம் கழிச்சு அவன் குரல்! அதோட என் கோபம் போயிடுச்சும்மா. ராத்திரி பூரா தேடிப் பார்த்தேன். கிடைக்கலை.”

அவள் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜன்னலுக்குக் கூட்டிவந்தாள். திறந்தார்.

கட்டிலில் சின்னவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஏற்கெனவே குவிந்து, தயாராக இருந்தது.

“திட்டுங்க மாமா!”

பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

“சாப்பிட்டியாடா?” என்றுதான் வந்தது.

குவிந்திருந்த உதடு மெல்லத் தளர்ந்து, மூடிக்கொண்டது.