கழுத்தில் இருந்த வேலி

ஆடுகள் மேய்ந்து மேய்ந்து தேரிக்காடு வெறும் செம்மணலாகிப் பறக்கத் தொடங்கியபோதுதான் அரசாங்கம் அதில் பாதிக்கு வேலி போட்டது. கம்பியும் முள்ளும் இல்லாத வேலி. எல்லை வந்ததும் ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்ட மின்பட்டை சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். ஏழு வருஷத்தில் அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் எழுந்துவிட்டது. இன்று காலை அதிகாரிகள் வந்து பட்டைகளை அவிழ்த்துவிட்டு, அளவாக மேய்க்கச் சொல்லிப் போனார்கள்.

ஆனால் ஒரு ஆடுகூடத் தாண்டவில்லை. பட்டையே கட்டாத குட்டிகளும் தாயைப் பார்த்து நின்றன. இந்தப் பக்கமோ பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இதுக அங்க போவலன்னா வித்துத்தான் தொலைக்கணும்" என்றாள் மாடத்தி.

அவள் புருஷன் சிவனணைந்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று தாண்டிப் போய் மண்டியிட்டு, ஆடு மாதிரியே புல்லை வாயால் கடித்து மென்றார்.

"ஏ செவலை, கருப்பட்டியா இனிக்கு! வாட்டி!"

மந்தைக்கு முன்னால் நின்ற செவலை ஆடு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. மந்தை மொத்தமும் பின்னால் பாய்ந்தது.

அவர் திரும்பிப் பார்த்தால், மாடத்தி இன்னும் எல்லையிலேயே நிற்கிறாள். ஒரு கை கழுத்தில் இருந்தது.

"ஏளா, நீ ஏன் நிக்க?"

"தெரியலயே. என்னமோ இங்கன கூசுது."

ஏழு வருஷமாக ஆடுகளோடு அவளும் அந்த இடத்தில்தான் திரும்பியிருக்கிறாள். அவர் ஒரு பிடி புல்லைப் பறித்து, செவலையைக் கூப்பிடுவது போலவே நாக்கைச் சொடுக்கி, அவளை நோக்கி நீட்டினார்.

"சீ, போங்க!" என்று சிரித்தவள், அந்தச் சிரிப்போடே தாண்டிவிட்டாள்.