நாதக் கொழுந்து

“இந்தக் குறி உங்கட கொம்பியூட்டர்ல இல்லையெண்டா, அது கொம்பியூட்டர்ட குறை புள்ள. என்ட குறை இல்ல.”

இசையாசிரியர் வினாயகமூர்த்தி தன் கைப்பட எழுதிய பன்னிரண்டு பக்கங்களில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுச் சால்வையைச் சரிசெய்தார். மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த அச்சகத்தில், மேற்கத்தேய இசைக்குறிகளைக் கணினியில் கோக்கத் தெரிந்தவள் தனுஷியா ஒருத்திதான். அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். மவுசின் மேலிருந்த கை அசையவில்லை.

அவருக்கு அது பிடித்திருந்தது. மேதைமையை நேரில் காண்பவர்கள் இப்படித்தான் வாயடைத்துப்போவார்கள் என்று பக்கத்தில் நின்ற ஸாஜித்திடம் சொன்னார்.

ஸாஜித் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் நிகழ்ச்சிப் பொறுப்பாளன். அங்கே தங்கியிருக்கும் ஜேர்மன் வயலின் குழு, இந்தப் பகுதிக்காரர் ஒருவரின் ஆக்கத்தை நாளைக்கு வாசிக்கப்போகிறது. எழுதியவரை ஒரு வருடப் பயிற்சிக்குத் தங்களுடன் அழைத்துச் செல்வதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வினாயகமூர்த்தி குளிர்ச்சட்டை வாங்கிவிட்டார். பிறந்த மண்ணைப் பிரியும் துயரத்தை முகநூலிலும் போட்டாயிற்று.

“இது என்ன குறி சேர்?” தனுஷியா தாளின் ஓரத்தைச் சுட்டினாள்.

“நாதக் கொழுந்து. உலகத்தில வேற ஒருத்தனும் எழுதல்ல.”

ஐந்து கோடுகளின் வலது ஓரத்தில், சற்றே சாய்ந்த ஒரு கீற்று. எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் தாள்களை ஒவ்வொன்றாக உருவி, மேசை முழுக்கப் பரப்பிக் காட்டினார். ஒன்றில் நெல்மணியளவு. இன்னொன்றில் இறால் மீசையளவு. முப்பது வருடங்களாக விடியற்காலையில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியின் ஓசையைக் கேட்டாராம். தண்ணீர் தந்த குறியாம் இது.

எப்படி வாசிக்க வேண்டும் என்று ஸாஜித் பணிவாகக் கேட்டான்.

“வாசிக்க ஏலா தம்பி. உணரத்தான் ஏலும்.”

ஸாஜித் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

தனுஷியா மென்பொருளின் குறித் தொகுப்பைத் திறந்தாள். அந்தக் கீற்றை வரைந்து, ‘நாதக் கொழுந்து’ என்ற பெயரிலேயே சேமித்தாள்.

“ஒரு பக்கத்தில இத விட்டுட்டா என்ன சேர்?”

“உயிர் போயிடும்.”

ஹோட்டல் வான் வெளியே காத்திருந்தது. கணினியில் கோக்கக் கொடுப்பதற்காக ஸாஜித் தாள்களைப் பொறுக்கிச் சேர்த்தபோதுதான் கவனித்தான். ஒன்றிலும் பக்க எண் இல்லை. எது முதலாம் பக்கம் என்று கேட்டான். வினாயகமூர்த்தி ஒரு தாளை எடுத்து மேலே வைத்தார். பிறகு அதை அடியில் வைத்தார். இன்னொன்றைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கடைசியில், வாவிக்கு முதலும் இல்லை முடிவும் இல்லை என்றார்.

“ஜேர்மன்காரருக்கு முதலாம் பக்கம் வேணுமே சேர்.”

தனுஷியா எழுந்து வந்தாள். தாள்களை வாங்கிச் சீட்டுக்கட்டைப்போல அடுக்கினாள். சுரங்களை அவள் பார்க்கவே இல்லை. நெல்மணி மேலே வந்தது. இறால் மீசை அடியில் போனது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது வாயடைத்து நின்றவர் வினாயகமூர்த்தி. கேள்வி ஸாஜித்திடமிருந்துதான் வந்தது.

“எப்பிடித் தங்கச்சி கண்டுபிடிச்ச?”

“இது குறி இல்ல, ஸாஜித் நானா. எங்கட பிரிண்டர் போட்ட கீறல். பக்கம் போகப் போக நீளும். போன வருஷம் நான் எழுதின இந்த ஆக்கத்த இதிலதான் அடிச்சு, பிழை பார்த்துத் தாங்க எண்டு சேர்ட கையில குடுத்தன். தந்தது ஆரெண்டு சேருக்கு ஞாபகமில்ல போல. ஆனா ஒண்டும் விடாமப் பார்த்தெழுதியிருக்கார்.”