இரவல் பின்னல்

"வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஹம்மாமுக்கு வந்துடுங்க. பொண்ணோட தலையை என் கையாலதான் தேய்ச்சு விடுவேன்."

புதினாத் தேநீரை முடித்துவிட்டு ஹாஜியம்மா கல்தூம் இப்படிச் சொன்னதும் பத்தூல் மகளின் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டாள்.

ஃபெஸ் நகரத்து மாமியார்கள் மருமகளாக வரப்போகிறவளைப் பொதுக் குளியலறைக்குக் கூப்பிடுவது புதிதல்ல. முக்காடும் நகையும் வெளியே இருக்கும். உள்ளே நீராவியில் துண்டோடு உட்காருகிறவள் எதை மறைக்க முடியும்? பல்லைப் பிடித்துப் பார்த்துக் கோவேறு கழுதை வாங்குகிற மாதிரிதான், வேறென்ன.

பத்தூலின் மகள் இப்திஸாமிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு உண்டு, கைமணம் உண்டு, வாயும் கொஞ்சம் உண்டு. தலைமுடிதான் கைவிட்டுவிட்டது. வகிடு வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே வந்தது.

பத்தூலும் சும்மா இருக்கவில்லை. ஆர்கன் எண்ணெய், ஆமணக்கெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய் என்று நாட்டுமருந்துக் கடைக்காரர் கை காட்டியதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்து தேய்த்தாள். பூண்டுச் சாறு கலந்து தேய்த்த அன்று வீட்டுப் பூனை கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. மகள் தலையில் முளைக்காத முடி, தேய்த்த தாயின் கையில் முளைத்ததுதான் கண்ட பலன்.

வெளியூரிலிருந்து வந்த சம்பந்தமெல்லாம் முக்காட்டை எடுத்ததும் நழுவின. இந்த ஹாஜியம்மா மட்டும்தான் தானாக வீடு தேடி வந்து பெண் கேட்டவர். மகன் இத்ரீஸ் மெக்னேஸில் வாத்தியார், தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. இதையும் விட்டால் பத்தூல் எங்கே போவாள்?

ஹாஜியம்மா தெருமுனை தாண்டுவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். சவுரி.

"உம்மா, இருக்கறதை இருக்கறபடி சொல்லிடலாம்" என்றாள் இப்திஸாம்.

"சொல்லு, யார் வேணாம்னா? கல்யாணம் ஆகட்டும், அப்புறம் சொல்லு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். பத்தூல் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அது இடுப்பு வரைக்கும் நீண்டிருந்தது.

வியாழக்கிழமை. நீராவிக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்குச் சளி, இன்றைக்குத் தலையில் தண்ணீர் வேண்டாம், தொட்டு மட்டும் பாருங்கள் என்று பத்தூல் மூச்சு விடாமல் பேசினாள். ஹாஜியம்மா பின்னலைக் கையில் ஏந்தினார். எடை போடுவதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"இது உன் முடிதானா மகளே?"

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான், ஹாஜியம்மா. சீப்பே உடைஞ்சு போகும்" என்று முந்திக்கொண்டாள் தாய்.

ஹாஜியம்மா பெருமூச்சு விட்டார். குளியல் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல பொண்ணு. ஆனா எங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வராது. மனசுல வச்சுக்காதே, பத்தூல்."

பத்தூல் பின்னலையே பார்த்தாள். முடி இல்லையென்று போனார்கள், சரி. முடி இருந்தும் போவார்களா?

இப்திஸாமுக்கு மட்டும் விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. குட்டு உடைந்துவிட்டது, கிழவி நாசூக்காக நழுவுகிறாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாடாவை அவிழ்த்து, பின்னலை உருவி, ஹாஜியம்மாவின் கையிலேயே வைத்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சாச்சுன்னா நேராவே சொல்லுங்க. இது சவுரி. என் முடி இவ்வளவுதான். எந்த எண்ணெய்க்கும் மசியல."

முதுகு தேய்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். பத்தூல் சோப்புக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். கண் எரிந்து உண்மையாகவே அழுதாள். எல்லாம் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

ஹாஜியம்மா முடி மெலிந்த அந்தத் தலையை உற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். சவுரியை ஓரமாகப் போட்டுவிட்டு, இப்திஸாமின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். இதை முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா? இந்தத் தண்ணிப்பாம்பைப் பாத்து என் நெஞ்சே அடைச்சுப் போச்சு. வீடு மாறி வந்துட்டோமோன்னு நினைச்சேன்."

தாயும் மகளும் விழித்தார்கள். ஹாஜியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"என் பையன் தலை வழவழன்னு முட்டை மாதிரி இருக்கும். பெரிய கூந்தல்காரிங்க எல்லாம் வந்து பாத்துட்டு, வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே போனாங்க. பிள்ளை ஒடிஞ்சு போயிட்டான். அந்த வலி தெரிஞ்ச பொண்ணா ஒருத்தி வேணும்னுதான் இவ்வளவு நாளா தேடினேன்."

பத்தூல் மூக்கை உறிஞ்சினாள். மகளுக்கு முடி கொட்டுகிற விஷயம் இந்தத் தெருவில் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்.

"எங்க வீட்டை எப்படி கண்டுபிடிச்சீங்க, ஹாஜியம்மா?"

"உன் பின்னாலயே நடந்து வந்துதான். கடையில மூஞ்சியை மூடிக்கிட்டு, 'பொண்ணுக்கு முடி கொட்டுது'ன்னு ரகசியமா எண்ணெய் கேட்டியே, அதே எண்ணெயை வாங்க மூஞ்சியை மூடிக்கிட்டு அடுத்ததா நின்னது நான்தான்."