முன் சீட்டு மரியாதை

“ஒங்களுக்கு டிக்கெட்டா? நல்லாக் கேட்டீக போங்க” என்று கண்டக்டர் உசேன் தோல் பையை மூடிவிட்டார். முன் சீட்டில் சாய்ந்திருந்த வெற்றிலை வியாபாரியைப் பின்னால் அனுப்பி, துண்டால் தூசி தட்டி, “உக்காருங்கண்ணே. அக்காவும் பாப்பாவும் சன்னலோரமா உக்காரட்டும்” என்றார்.

சின்னக்கருப்பின் மீசை தானாகவே முறுக்கிக்கொண்டது. பக்கத்துக்கு ஒரு கிளி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்னக்கூடிய மீசை அது. “பாத்தியா?” என்றார் மனைவி மொக்கம்மாளிடம்.

அன்றைக்கு அந்த மரியாதை அவருக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம். ஓடைப்பட்டியிலிருந்து தேனிப் பஞ்சு மில்லுக்கு எடை போட வந்து மூன்று மாதமாகிறது. மில்லையும் சாப்பாட்டுக் கடையையும் தவிர வேறு தெரு அறியாத மனிதர், ஊருக்குப் போகும்போதெல்லாம், “நான் தெருவுல எறங்குனா பாதித் தேனி எந்திரிச்சு நிக்கும். மீதித் தேனி ஏற்கெனவே நின்னுக்கிட்டிருக்கும்” என்று அளந்துவிட்டிருந்தார்.

நேற்றுத்தான் குடும்பத்தைக் கூட்டிவந்தார். காலையிலேயே மொக்கம்மாள் சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு ஊரச் சுத்திப் பாப்போம். பொழுது சாயுறதுக்குள்ள ஒருத்தராச்சும் ஒங்கள மதிச்சுப் பேசணும். இல்லாட்டி நானும் மகளும் சின்னமனூர்ல எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவோம். பீத்தலக் கேட்டுக்கிட்டு இங்கன கெடக்க முடியாது.”

முதலில் ரயிலடிக்கு நடத்திக் கூட்டிப்போனார். யுத்தத்துக்காக இரும்பையெல்லாம் சர்க்கார் பெயர்த்துக்கொண்டிருந்த காலம். ஸ்டேஷன் இருந்தது. தண்டவாளத்தைக் காணோம்.

“ரயிலு எங்கப்பா?” என்றாள் மகள் செல்வமணி.

“யுத்தத்துக்குப் போயிருக்கு தாயி.”

“ரயிலு போகட்டும். தண்டவாளம் எங்க?” என்றாள் மொக்கம்மாள்.

“தண்டவாளம் இல்லாம ரயிலு எப்படிடி போகும்? அதையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்கு.”

கடைவீதியில் ஒருவர் இவரைப் பார்த்துக் கும்பிட்டார். இவர் கை தூக்குவதற்குள் பின்னால் வந்த ரைஸ்மில் முதலாளி பதில் கும்பிடு போட்டுவிட்டார். சந்தையில் வழி கேட்டால், மொச்சை விற்றவள், “ஊருக்குப் புதுசாண்ணே?” என்றாள்.

மொக்கம்மாள் நேராகக் கல் கடைக்குப் போனாள். ஓர் அம்மிக்கல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “எங்க ஆத்தாவுக்கு” என்றாள். “சாயங்காலம் சின்னமனூருக்கு எத்தன மணிக்கு வண்டி?”

சின்னக்கருப்பு துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசி நம்பிக்கையாக வீரபாண்டிக் கோயிலுக்குப் பஸ் ஏறக் கூட்டிவந்தார்.

யுத்த காலத்துக் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால், பின்னால் அண்டா மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். தேனியில் அது விடும் புகைக்குக் கம்பம் ஊர்க் காக்காய் இருமும்.

மொக்கம்மாள் அம்மிக்கல்லோடு ஏணியில் ஏறி, பூக்கூடையை வைப்பதுபோல் அதைப் பஸ் கூரையில் வைத்துவிட்டு இறங்கினாள். சின்னக்கருப்பு கீழே நின்று மீசையை நீவிக்கொண்டிருந்தார். டிரைவரும் உசேனும் இந்தப் பக்கமே பார்த்து, காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ராஜ உபசாரம்.

“எப்படிப்பா ஒங்களத் தெரியும் அவுகளுக்கு?” என்றாள் செல்வமணி.

“மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா தாயி?”

மொக்கம்மாளே அசந்துபோனாள். “ராத்திரிக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?” என்று கேட்டாள். சின்னக்கருப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊரைத் தாண்டி ஏற்றம் வந்ததும், பஸ் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. உசேன் குதித்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டுவிட்டு, முன் சீட்டுக்கு வந்து பணிவாக நின்றார்.

சின்னக்கருப்பு எழுந்தார். பஸ் முழுக்கப் பார்க்கும்படி மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். “என்ன தம்பி, நம்மகிட்ட யோசன கேக்கணுமா? தயங்காமக் கேளுங்க.”

“நீங்க உக்காருங்கண்ணே” என்ற உசேன், மொக்கம்மாள் பக்கம் திரும்பினார்.

“அக்கா, செத்த எறங்கித் தள்ளுறீகளா? ஒங்கள நம்பித்தான் வண்டியவே எடுத்தோம்.”