காலி வண்டிக் கொள்கை

“கண்ணமங்கலம் பக்கமாவா போறீங்க? காலியாவா போறீங்க?”

வாசலில் நின்று அருள்பிரகாஷ் கேட்டதும், பீர்க்கங்காய் விற்றுக்கொண்டு வந்த பெரியவர் தம் மூன்று சக்கர மிதிவண்டியை நிறுத்தினார்.

“ஒரு கூடை காய்தான் சார் பாக்கி. மத்தபடி வண்டி காலி. கண்ணமங்கலந்தான் போய்கினு இருக்கேன். இன்னா இருந்தாலும் ஏத்துங்க!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் அவர் முழங்கினார்.

அருள்பிரகாஷ் அறிவியல் ஆசிரியர். பள்ளியின் பசுமை மன்றத்துக்கும் அவரே பொறுப்பாளர். ஆரணியிலிருந்து கண்ணமங்கலத்துக்கு மாற்றல் வந்ததும் வீட்டையும் அங்கேயே மாற்றத் தீர்மானித்தார். அதற்கு அவர் வகுத்த கொள்கை ஒன்றே: நமக்கென்று ஒரு வண்டி புறப்படக் கூடாது, எப்படியும் காலியாகப் போகும் வண்டியில்தான் நம் பொருள் ஏற வேண்டும். அட்டைப்பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறை இல்லை. இட்லிப் பானையும் குக்கரும் பீங்கான் தட்டுகளும் மனைவி சோபியாவின் பட்டுப் புடவைகளுக்குள் பத்திரமாக உறங்கின.

கொள்கையில் பழுதில்லை. வண்டிகள்தாம் வரவில்லை. மூன்று நாள் காத்திருந்ததில் ஊர் எல்லையைத் தாண்டியது ஒரு முக்காலி மட்டுமே. அமரர் ஊர்தி ஒன்று காலியாகத் திரும்பியபோது அதில் கிரைண்டரை ஏற்றப் போனார். சோபியா குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

“அதுல போன கிரைண்டர்ல நான் மாவாட்ட மாட்டேங்க. இப்பவே சொல்லிட்டேன்.”

“வண்டி காலியாதான போவுது?”

“காலியாதான் போவுது. இப்பதான் யாரை எறக்கிட்டு வருதுன்னு யோசிங்க.”

நேற்றுக் காலை அவள் கெடு விதித்தாள். இன்று நண்பகலுக்குள் வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் புது வீட்டை மந்திரிக்கப் பங்குத்தந்தை வருகிறார். அதற்குள் சாமான் போய்ச் சேராவிட்டால், அவள் கலசப்பாக்கத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

“ஒரு லாரி சொன்னா ஒரே நடைல முடிஞ்சிடும்ங்க. ஏன் இந்த பேஜாரு?”

“என் பேரால ஒரு சொட்டு டீசல் எரிஞ்சாலும், திங்கக்கெழம பசுமை மன்றத்துப் பசங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

சோபியா கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

இன்றோ, பொழுது விடிந்ததிலிருந்து ஆரணியே கண்ணமங்கலத்தை நோக்கிக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. கோலமாவு விற்பவர் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாணை பிடிப்பவர் சாப்பாட்டு மேசையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் கேன்காரரோ தம் மிதிவண்டியில் பீரோவையே ஏற்றிவிட்டார்.

“கனமாச்சேங்க. அவ்ளோ தூரம் மிதிச்சுடுவீங்களா?”

“பூமித்தாய்க்காக மிதிக்கிறேன் சார்!” என்று கேன்காரர் மார்பில் கைவைத்து விம்மினார்.

“அண்ணே, கொஞ்சம் அடக்கி வாசிங்க” என்றாள் சோபியா.

“நல்லவங்களை ஏன் அதட்டுற?” என்று அருள்பிரகாஷ் கடிந்துகொண்டார்.

இப்போது பீர்க்கங்காய்ப் பெரியவரின் முறை. மிஞ்சியிருந்தது கட்டில். அவர் அதை ஒருமுறை வலம்வந்தார், காலை உதறினார், வலக்கையை வானுக்கு உயர்த்தினார்.

“கட்டிலா இது? மகாராஜா சயனிக்கிற மஞ்சம்! பூ மாதிரி கொண்டும்போய் சேக்கிறேன்!”

“ஜல்தியா தூக்குங்க, ஐயா. மணி ஆவுது” என்றாள் சோபியா.

வீடு காலியாயிற்று. சோபியா பேருந்தில் முன்னே போனாள். அருள்பிரகாஷ் வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைத்து, தம் சைக்கிளை மிதித்துக் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. புது வீட்டில் கட்டில் போட்டிருந்தது. பீரோ மூலையில் நின்றது. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர்கூடக் குளிர்ந்திருந்தது.

அவர் பீரோவை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி முடித்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஒரு சொட்டு டீசல் எரியல, ஃபாதர். எல்லாம் இந்தப் பக்கம் காலியா வந்துகினு இருந்தவங்க. வாயத் தொறந்து கேட்டா போதும், ஆரணி ஜனங்க அள்ளிகினு வந்துடறாங்க.”

“ரொம்ப சந்தோசம். ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல உங்க பேரைச் சொல்லியே பேசிடறேன்” என்றார் பங்குத்தந்தை.

அருள்பிரகாஷ் அடக்கமாகத் தலை குனிந்தார். சோபியா ஏனோ அவரைவிடவும் தாழக் குனிந்துகொண்டாள்.

அப்போது சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

“சோபியாக்கா, காலைலருந்து மூணு நடை உங்க சாமான அடிச்ச நம்ம தெருக்கூத்து ஜமா வேன் கெளம்புது. நடிச்சவங்க எல்லாரும் ஏறிட்டாங்க. பீர்க்கங்காய்க்காரர் வேஷம் கட்டுன கூத்து வாத்தியாரு மட்டும் கலைக்க மாட்டேன்னு அடுத்த தெருவுல இன்னும் வித்துகினு இருக்காரு, நீங்களாச்சும் வந்து ஒரு வார்த்த சொல்லுங்க!”