மாப்பிள்ளைக் கிளை

"காய் பிடிக்கத் துணை வேணுமே, பக்கத்துல வேற ரக மரம் ஏதாவது இருக்கா?" என்று நாற்றுப் பண்ணைக்காரி ஒருமுறை கேட்டபோது நைரா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்தது. பக்கத்துத் தோட்டத்து எவெலியோவின் ஃபுவெர்தே ரக அவகாடோ மரம், கருங்கல் சுவரைத் தாண்டி ஒரு கிளையை நீட்டியிருந்தது. தொட்டித் தண்ணீரில் சருகு விழுகிறதென்று அவளுடைய அப்பா பெனிக்னோ அதை அறுத்துப் போட்டார். மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை; இவர்களுடைய ஹாஸ் ரக அவகாடோ மரத்தில் காயும் இல்லை.

இன்று லா பால்மா தீவின் காலை வெயிலில் ஹாஸ் மரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அடியில் உட்கார்ந்து அப்பா ரம்பத்துக்கு எண்ணெய் போடுகிறார். "தண்டச்சோறு மரம். இன்னிக்கு விழுந்துடும்." நைரா மெல்லச் சொல்கிறாள்: "காலையில இந்தப் பூவெல்லாம் பொண்ணுப்பா. அந்த நேரத்துல அவங்க மரத்துப் பூதான் ஆணா இருக்கும். மாப்பிள்ளையை நீங்கதானே வெட்டினீங்க?" "அதுக்கு? நான் போய் அந்த மூஞ்சிகிட்ட மாப்பிள்ளை கேக்கணுமா? செத்தாலும் மாட்டேன்!" கத்தல் கடல்வரை போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரி நறுக் நறுக்கென்று ஓடுகிறது. பிறகு ஒரு வைக்கோல் தொப்பி சுவருக்குமேல் எழும்புகிறது. பூத்த கிளைகள் செருகிய தண்ணீர் வாளியை எவெலியோ நீட்டி, ஹாஸ் மரத்தின் தாழ்ந்த கொம்பில் மாட்டுகிறார். கூடவே நாலைந்து தேனீக்கள் ரீங்கரித்து வருகின்றன. "கத்தாதே பெனிக்னோ, கல்யாண வீட்டுல தேனீங்க மிரளும்." அப்பாவின் காது சிவக்கிறது. அவர் ரம்பத்தை எடுத்துத் துடைக்கிறார், கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார், வீட்டுக்குள் போகிறார்.