ஈரக் கைலி

"நங்கூரம் பாறையில மாட்டிக்கிட்டா, இறங்கி எடுக்காம கயித்தையே அறுத்துட்டு வர்ற மகராசன்டி உன் புருஷன்! அவருக்கு இப்போ தினமும் தலை நனையுதுன்னா என்ன அர்த்தம்?"

எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒளிந்திருந்த பொந்தில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டே கேட்டாள் சலாமா. கடல் வற்றிய நேரம். கிசிம்காசி ஊர்ப் பெண்கள் எல்லாம் பாறைத்திட்டில் குனிந்து நின்றார்கள்.

"கடலுக்குப் போறவருக்குத் தலை நனையாதா?" என்றாள் ஹிதாயா. சொல்லும்போதே குரல் இறங்கியது.

"டால்பின் காட்டுற கேப்டனுக்குக் கைலி நனையும். தலை எதுக்குடி நனையுது? தண்ணியில குதிக்கிறது டால்பின் பார்க்க வர்ற விருந்தாளிங்க வேலை."

கொஞ்ச நாளாகவே ஹிதாயாவின் கணவன் மகாமேயின் சட்டை, கைலி, பனியன் எல்லாம் உப்பு பூத்துத்தான் துவைக்க வருகின்றன. கேட்டால், "அலை அடிச்சுது" என்பான். சட்டைப்பைக்குள்ளே மணல் இருக்கும். அலையா மணலை அள்ளிப் பைக்குள் போடும்?

"அந்த வெள்ளைக்காரி இருக்காளே, கிர்ஸ்டன்," சலாமா விடவில்லை. "ஊரெல்லாம் சுத்துறா. மந்தாசிப் பலகாரம் சுடுற இடத்துல நிக்கிறா, கிணத்தடியில நிக்கிறா. அரைகுறையா நம்ம பேச்சு வேற பேசுறா. ஆனா படகுன்னா உன் புருஷன் படகுதான். மத்த படகெல்லாம் டால்பினைத் தேடி ஆழத்துக்குப் போகுது. உன் புருஷன் படகு மட்டும் முனைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத குடாவுல நிக்குது."

"நீ பார்த்தியா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். தண்ணியில ரெண்டு தலை. அவரு ரெண்டு கையையும் அவ பிடிச்சிருந்தா."

அன்று சாயங்காலமே ஹிதாயா தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். உண்மை என்று தெரிந்தால், மறுநாளே தும்பாத்துத் தீவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. ஆனால் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு போகக் கூடாது. தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

காலையில் மகாமே கிளம்பும்போது முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன். எனக்கும் டால்பின் பார்க்கணும்."

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "உனக்கெதுக்கு அதெல்லாம்? தண்ணி ஆழம். தவறி விழுந்துட்டா?"

"விழுந்தா தூக்கத்தான் கேப்டன் இருக்கீங்களே!"

மகாமேயின் முகம் வெளிறிப்போனது. ஹிதாயா அதைக் கவனித்துக்கொண்டாள். குற்றம் உள்ள முகம்.

கிர்ஸ்டன் ஏற்கெனவே படகில் இருந்தாள். ஹிதாயாவைப் பார்த்ததும் சிரித்து, "வாங்க, வாங்க" என்றாள். பிறகு மகாமேயிடம் மெதுவாக, "இன்னைக்குக் குடா வேண்டாம்தானே?" என்று கேட்டாள். அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

'எவ்வளவு தைரியம்! என் எதிரிலேயே!' ஹிதாயா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆழத்தில் மற்ற படகுகள் டால்பின்களை விரட்டிக்கொண்டிருந்தன. மகாமே தள்ளிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். விரட்டாத படகுக்கு அவை தாமாகவே வரும் என்பது அவனுக்குத் தெரியும். வந்தன. சாம்பல் முதுகுகள் வரிசையாக எழுந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டன. கிர்ஸ்டன் குதித்தாள். அவற்றின் பக்கத்திலேயே, அவற்றில் ஒன்றாகவே நீந்தினாள்.

கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, "கேப்டன், நீங்க வரலையா?" என்று சிரித்தாள்.

மகாமே திரும்பி மனைவியைப் பார்த்தான். "இல்ல, இல்ல."

நான் இருப்பதால்தானே இந்த 'இல்ல, இல்ல'? ஹிதாயாவுக்கு நெஞ்சு கொதித்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தண்ணீரில் அவளும் இருந்து, நானும் இருந்தால் இந்த மனுஷன் யாரிடம் போவான்?

கிசிம்காசியில் பெண்கள் நீந்துவதில்லை. தும்பாத்துவில் அண்ணன்களோடு மீன் மாதிரி நீந்தி வளர்ந்த ஹிதாயா, புகுந்த ஊரில் அதை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை, கணவனிடம்கூட. படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவள், கால் வழுக்கியது போலப் பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

தண்ணீருக்குள் கொஞ்சம் பொறுத்து மேலே வந்து, கையைக் காலை உதறி, "ஐயோ! என்னங்க!" என்று கத்தினாள்.

மகாமே ஒரு நொடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த நொடி தொப்பியைக்கூடக் கழற்றாமல் குதித்தான். கிர்ஸ்டன் இருந்த பக்கமில்லை, இவள் இருந்த பக்கம்.

போதும். பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிடலாம். ஹிதாயாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனால் தொப்பி மட்டும்தான் மிதந்தது. மகாமே மேலே வரவில்லை.

ஹிதாயா தலைகீழாகப் பாய்ந்தாள். கீழே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கைகளால் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு, இறங்கிக்கொண்டே இருந்தான் அவன். சட்டைக் காலரைப் பற்றி மேலே இழுத்து வந்தாள். கிர்ஸ்டனும் விரைந்து வந்து தாங்க, இருவருமாக அவனைப் படகில் தள்ளினார்கள்.

"உங்களுக்குப் பைத்தியமா, கேப்டன்?" கிர்ஸ்டன் கத்தினாள். "குடாவுல, இடுப்புத் தண்ணியில, என் கையைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு தடவைகூடச் சேர்ந்தாப்புல காலடிக்க வரலை உங்களுக்கு! உங்களை யாரு ஆழத்துல குதிக்கச் சொன்னது?"

உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டே மகாமே மனைவியின் கையைப் பிடித்தான். "கரையில சொல்லிடாதே, ஹிதாயா. நீந்தத் தெரியாத கேப்டன் படகுல எவன் ஏறுவான்?"